கூட்டுத்தொகை எட்டு

கார் வாங்கும்போது நம்மவர்கள் கணக்கில் புலி. பதிவு எண் 4517 என்று வந்தால் போதும். நாலும் ஐந்தும் ஒன்பது, ஒன்றும் ஏழும் எட்டு, ஆகப் பதினேழு, திரும்பக் கூட்டினால் எட்டு, எட்டு சனியோட நம்பர், வேண்டாம் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். பிடித்த எண்ணுக்காக அரசுக்குத் தனியாகப் பணம் கட்டவும் தயங்கமாட்டார்கள். அதே மனிதரின் கையில் ஷோரூம் கொடுத்த கொட்டேஷன் இருக்கிறது. எக்ஸ்-ஷோரூம் விலை, சாலை வரி, இன்சூரன்ஸ், பதிவுச் செலவு, ஹேண்ட்லிங் சார்ஜ், ஆக்சசரீஸ், எக்ஸ்டெண்டட் வாரண்டி, பெயின்ட் கோட்டிங், ஃபாஸ்டேக், இதர செலவு என்று பத்து வரி. அதை அவர் கூட்டிப் பார்க்கவில்லை. அடியில் ஷோரூம்காரர் போட்ட மொத்தத்தை மட்டும் பார்த்துவிட்டு, "ஏதாவது குறைச்சுப் போடுங்க தம்பி" என்கிறார்.

பொருளே இல்லாத கூட்டலை இத்தனை சிரத்தையாகப் போடுகிறவர், பணம் போகிற கூட்டலை ஏன் போடுவதில்லை? படிப்பு போதாது என்று சொல்லிவிட முடியாது. இன்ஜினீயரும் ஆடிட்டரும் கணக்கு வாத்தியாரும் இதைத்தான் செய்கிறார்கள். அலுவலகத்தில் ஒரு கமா தவறினாலும் கண்டுபிடிக்கிறவர்கள், புக்கிங் ஃபாரத்தில் சேல்ஸ் பையன் விரல் வைத்துக் காட்டுகிற நாலு இடத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டு, கொடுத்த காபியைக் குடிக்கிறார்கள்.

டெலிவரி நாளன்று நடப்பதைப் பாருங்கள். எந்த ஊர் ஷோரூமிலும் இதைப் பார்க்கலாம். வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் வண்டி வாசலைத் தாண்டியாக வேண்டும். காரின்மேல் பட்டுத் துணி மூடியிருக்கிறது. ஷோரூம் செலவில் கேக், மாலை, அட்டையில் செய்த பெரிய சாவி. நாலு சக்கரத்தின் அடியிலும் எலுமிச்சம்பழம். ஊரிலிருந்து அப்பத்தா வேறு வந்திருக்கிறார். ஒன்பதே முக்காலுக்குக் கணக்குப் பிரிவிலிருந்து அழைப்பு வருகிறது. "சார், ஒண்ணாம் தேதியிலேர்ந்து விலை ஏறிடுச்சு. கம்பெனி சர்க்குலர். இன்சூரன்ஸும் கொஞ்சம் மாறியிருக்கு. எல்லாம் சேர்த்துப் பதினாலாயிரத்து ஐந்நூறு பேலன்ஸ் வருது சார்." அவர் முகம் மாறுகிறது. வாயைத் திறப்பதற்குள் மனைவி கையைப் பிடிக்கிறார்: "விடுங்க, நல்ல நாளும் அதுவுமா வாக்குவாதம் வேணாம்." ஒன்பது ஐம்பதுக்குப் பணம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. பில் வாங்கினாரா? "அப்புறம் வாட்ஸ்அப்ல அனுப்பறோம் சார்."

ராகு காலம் யாருக்கு வேலை செய்தது என்று கொஞ்சம் யோசியுங்கள். பேரம் பேசுகிற இரண்டு பேரில் ஒருவருக்கு மட்டும் அவசரம் இருந்தால், அவசரப்படாதவர்தான் ஜெயிப்பார். அந்த அவசரத்தைப் பஞ்சாங்கத்தைப் பார்த்து நாமே உண்டாக்கி, நேரத்தையும் எழுதி ஷோரூமில் கொடுத்துவிடுகிறோம். ஆடி மாதத் தள்ளுபடிக்கும் இதுதான் அடிப்படை. ஆடியில் வண்டி எடுக்க ஊரே பயப்படுவதால் ஷோரூம் காலியாகக் கிடக்கிறது. பயப்படாதவருக்கு விலை குறைகிறது. தையில் வாங்குகிறவர் தன் பயத்துக்கும் சேர்த்தே பணம் கொடுக்கிறார். எந்த இன்வாய்ஸிலும் அதற்குத் தனி வரி கிடையாது, அவ்வளவுதான்.

அந்தப் பதினாலாயிரத்து ஐந்நூறுக்கு வருவோம். ஷோரூம்காரர் ஏமாற்றினாரா? அதை அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது. புக்கிங் ஃபாரத்தின் பின்பக்கம், கண்ணாடி போட்டாலும் தெரியாத எழுத்தில், பெரும்பாலும் ஒரு நிபந்தனை இருக்கும்: புக் செய்த நாளின் விலை பொருந்தாது, டெலிவரி நாளன்று என்ன விலையோ அதுவே பொருந்தும். கீழே நம் கையெழுத்து. அப்படியிருந்தால், விலை ஏற்றத்தைப் பொறுத்தவரை நியாயம் அவர் பக்கம்தான் சாயும். படிக்காமல் போட்டுவிட்டேன் என்பது சட்டத்தின் முன் எடுபடாத சமாதானம். தகராறு வெடிப்பது டெலிவரி அன்று. அது முளைத்தது காபி குடித்த அன்று.

விலை ஏற்றம் என்பது சர்க்குலரில் சொல்கிற தொகையோடு நிற்பதும் இல்லை. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் மாற்றிய வாழ்நாள் வரி விகிதப்படி 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையிலான காருக்கு 13 சதவீதம். 10 லட்சத்தைத் தாண்டினால் 20 லட்சம் வரை 18 சதவீதம். நீங்கள் 9,95,000 ரூபாய்க்குக் கார் புக் செய்கிறீர்கள் என்று வையுங்கள். சாலை வரி 1,29,350. டெலிவரிக்குள் கம்பெனி வெறும் 10,000 ரூபாய் ஏற்றுகிறது. விலை இப்போது 10,05,000, வரி 1,80,900. பத்தாயிரம் ஏறியதற்கு வரியில் மட்டும் 51,550 கூடிவிட்டது. 10 லட்சத்தைத் தாண்டியதால் வருமான வரிச் சட்டப்படி ஒரு சதவீதம் டி.சி.எஸ். என்று இன்னும் 10,050 பிடிப்பார்கள். 2016 ஜூன் முதல் இருக்கிற ஏற்பாடு இது. ஆகக் கையிலிருந்து போவது 71,600. இதில் டி.சி.எஸ். தொகை உங்கள் பான் எண்ணில் வரவாகியிருக்கும்; வருமான வரிக் கணக்கில் காட்டித் திரும்பப் பெறலாம் அல்லது கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். அதையும் ஏதோ ஒரு வரி என்று நினைத்து விட்டுவிடுகிறவர்கள் உண்டு. 4517-ஐக் கூட்டத் தெரிந்தவருக்கு இந்தக் கணக்கு கஷ்டமா?

வரி ஏறினால் மட்டும்தான் பேச்சு என்றில்லை. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. ஒப்பந்தம் போட்ட பிறகு அரசு வரியை ஏற்றினால் விற்பவர் அதைச் சேர்த்து வாங்கலாம். குறைத்தால் வாங்குபவர் அதைக் கழித்துக்கொண்டு கொடுக்கலாம். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் மட்டுமே விலக்கு. 2025 செப்டம்பரில் இதைப் பேச நல்ல சந்தர்ப்பம் வந்தது. நாலு மீட்டருக்குள் நீளமும் 1200 சிசி வரை இன்ஜினும் உள்ள பெட்ரோல் கார்களுக்கு 28 சதவீத ஜி.எஸ்.டி.யும் அதன்மேல் செஸ்ஸும் இருந்தது. 22-ஆம் தேதி முதல் 18 சதவீதம் என்று ஆனது. அன்றைக்கு நவராத்திரித் தொடக்கம். அந்த ஒரு முறை பஞ்சாங்கமும் கணக்கும் ஒரே நாளைக் காட்டின. மற்ற நாட்களில் அவை ஒத்துப்போகும் என்று நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

இப்போது அந்தப் பத்து வரிகளில் பேச வேண்டியவற்றைப் பேசுவோம். ஹேண்ட்லிங் சார்ஜ் என்றால் என்ன? கிடங்கிலிருந்து ஷோரூமுக்கு வண்டியைக் கொண்டுவருவது, கழுவுவது, துடைப்பது. கடை வைத்திருப்பவர் சரக்கைக் கடைக்குக் கொண்டுவர நாம் எதற்குத் தனியாகக் கொடுக்க வேண்டும்? அந்த வேலைக்கும் சேர்த்துத்தான் அவருக்கு விற்பனையில் மார்ஜின் இருக்கிறது. இப்படி வசூலிக்கக் கூடாது என்று சில மாநிலங்களின் போக்குவரத்துத் துறைகளே எச்சரித்திருக்கின்றன. அப்படியும் அது வேறு வேறு பெயரில் திரும்பி வரும். லாஜிஸ்டிக்ஸ் என்பார்கள், ஃபெசிலிடேஷன் என்பார்கள்.

பதிவுச் செலவு என்று ஒரு முழுத்தொகை போட்டிருப்பார்கள். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி சொந்த உபயோகக் காருக்குப் பதிவுக் கட்டணம் 600 ரூபாய். வங்கிக் கடன் இருந்தால் அதைக் குறிக்க 1,500. சாலை வரி தனி. மீதி எதற்கு என்று கேட்டுப் பாருங்கள். சேல்ஸ் பையன் சிரிப்பார். "தெரியாதா சார் உங்களுக்கு" என்கிற சிரிப்பு. தெரியும்தான். தெரிந்தே கொடுக்கிறோம் என்பதுதான் வெட்கக்கேடு. ரசீது இல்லாத அந்தத் தொகையைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய் ஊழலைப் பற்றி நாலு ஃபார்வர்டு அனுப்புகிறோம்.

இன்சூரன்ஸை ஷோரூமில்தான் போட வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. கார் விற்பவர்கள் இன்சூரன்ஸ் விற்பதற்கு காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2017-லேயே தனி வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. தங்களிடம்தான் எடுக்க வேண்டும் என்று அவர்கள் கட்டாயப்படுத்தக் கூடாது. புதுக் காருக்கு மூன்று வருட மூன்றாம் நபர் காப்பீடு 2018 செப்டம்பர் முதல் கட்டாயம். அதற்கான பிரீமியம் அரசு நிர்ணயிப்பது, எங்கே வாங்கினாலும் ஒன்றே. சொந்த வண்டியின் சேதத்துக்கான பகுதியில்தான் விலை ஆளுக்கு ஆள் மாறும். வெளியில் ஒரு விலை விசாரித்துக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். ஷோரூமின் விலையும் எப்படியோ இறங்கிவிடும். "கேஷ்லெஸ் கிடைக்காது சார்" என்று ஒரு பயமுறுத்தல் வரும். உங்கள் பாலிசி எந்த கம்பெனியோ அதனிடம் கேட்டால் உண்மை தெரிந்துவிடும்.

இதுவரை படித்துவிட்டு, எலுமிச்சம்பழக்காரர்களைத்தான் சொல்கிறேன் என்று நம் பகுத்தறிவுத் தோழர்கள் சிலர் சிரித்துக்கொண்டிருப்பார்கள். அவர்களிடம்தான் எனக்குச் சண்டையே. பூசணிக்காய் உடைக்காமல் கார் எடுத்தேன், ராகு காலத்தில் எடுத்தேன், நம்பர் கூட்டுத்தொகை எட்டு என்று பெருமையாகப் படம் போடுகிறவர்களைப் பார்க்கிறேன். நல்லது. அந்த புக்கிங் ஃபாரத்தைப் படித்தீர்களா தோழர்? "பெரிய கம்பெனி, ஏமாத்தவா போறான்" என்று ஒருவர் சொன்னால் அதற்கும் "குலதெய்வம் பாத்துக்கும்" என்பதற்கும் என்ன வித்தியாசம்? ஆதாரம் கேட்காமல் நம்புவதற்குப் பெயர் மூடநம்பிக்கை என்றால், பிராண்டின் பெயரால் நம்பினாலும் அதுதான் பெயர். இன்னும் சொல்லப்போனால், எட்டாம் நம்பருக்குப் பயப்படுகிறவர் தன் பயத்துக்கு ஒரு காரணமாவது வைத்திருக்கிறார். தப்பான காரணம், ஆனால் காரணம். படிக்காமல் கையெழுத்துப் போட்ட பகுத்தறிவாளரிடம் அதுகூட இல்லை.

காசைப் பற்றிக் கறாராகப் பேசுவது அற்பத்தனம் என்று ஒரு நினைப்பு நம்மிடம் ஊறிக் கிடக்கிறது. பத்து லட்சத்துக்குக் கார் வாங்குகிறவன் பத்தாயிரத்துக்குச் சண்டை போடலாமா என்கிறார்கள். ஈரோட்டு மண்டியில் வியாபாரம் பார்த்துவிட்டுப் பொதுவாழ்வுக்கு வந்தவர் பெரியார்; செலவில் எத்தனை சிக்கனம், கணக்கில் எத்தனை கறார் என்பது தமிழ்நாட்டுக்கே தெரியும். அதற்காக அவர் கூச்சப்பட்டதில்லை. நாமோ சாமியைக் கேள்வி கேட்பதை மட்டும் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டு, காசுக்குக் கணக்குக் கேட்பதை வசதியாக விட்டுவிட்டோம். சாமியைக் கேட்பது சுலபம், பதில் வராது. கேஷியரைக் கேட்டால் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும், பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் பார்ப்பார்கள், அப்பத்தா என்ன ஆச்சு என்று கேட்பார். துணிச்சல் தேவைப்படுகிற இடம் அதுதான்.

நாலு பேர் முன்னால் வாக்குவாதம் வேண்டாம் என்று பேசாமல் பணத்தைக் கட்டுவதைப் பெருந்தன்மை என்று நினைக்காதீர்கள். உங்களுக்கு அந்தத் தொகை பெரிதில்லாமல் இருக்கலாம். உங்களுக்குப் பின்னால் வருகிறவர் கால் டாக்சி ஓட்டக் கடன் வாங்கிக் கார் எடுக்கிறவர். அவரிடமும் அதே பேலன்ஸைக் கேட்பார்கள். "எல்லாரும் கட்டறாங்க சார்" என்று அவரிடம் சொல்லும்போது அந்த எல்லாரும் யார்? நீங்கள்தான். வசதியுள்ளவனின் மௌனம் வசதியில்லாதவனின் தலையில்தான் விடிகிறது.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நேர்மையாக இருக்காது. வாங்குகிற நாம் யோக்கியர்களா? இங்கே வீடு, இங்கே வேலை, இங்கேயே வண்டி ஓடப்போகிறது; வரி குறைவு என்று புதுச்சேரி முகவரி ஒன்றைத் தேடுகிறோம். பழைய காரை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கும்போது கியர்பாக்ஸ் சத்தத்தைச் சொல்வதில்லை. கிலோமீட்டரைத் திருத்திக் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். மூன்று ஷோரூமில் புக் செய்து, மூன்று பேரிடமும் "உங்ககிட்டதான் எடுப்பேன்" என்று சொல்லி, இரண்டு பேரின் மாதக் கடைசி டார்கெட்டைக் கெடுக்கிறோம். ஒப்பந்தம் அவரைக் கட்டுப்படுத்த வேண்டும், என்னைக் கட்டுப்படுத்தக் கூடாது என்பதற்குப் பகுத்தறிவில் இடமில்லை. நீங்கள் மறைத்துவிட்டு, அவர் மறைத்தார் என்று கோர்ட்டுக்குப் போக முடியாது; போனாலும் முதல் கேள்வி உங்களிடம்தான் வரும்.

கோபத்தை யார்மேல் காட்டுகிறோம் என்பதும் இருக்கிறது. டை கட்டிய அந்த சேல்ஸ் பையனைத்தான் எல்லாரும் பிடித்துத் திட்டுகிறார்கள். ஹேண்ட்லிங் சார்ஜை அவர் கண்டுபிடிக்கவில்லை. ஆக்சசரீஸும் இன்சூரன்ஸும் தள்ளிவிட்டால்தான் அவருக்கு இன்சென்டிவ். முதலாளியை நாம் பார்த்ததுகூட இல்லை. நிர்வாகியைக் கூப்பிடுங்கள், அவரிடம் எழுத்தில் கேளுங்கள். குரலை உயர்த்துவதால் இன்வாய்ஸில் ஒரு பைசா குறையாது. அந்தப் பையனின் அன்றைய நாள்தான் கெடும்.

எழுத்து என்று சொன்னேன். தகராறின் உயிரே அதில்தான் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், எந்த விலையைவிடக் கூடுதலாக வாங்கினால் புகார் செய்யலாம் என்று சொல்லும் இடத்தில், சட்டம் நிர்ணயித்த விலை, விலைப்பட்டியலில் காட்டிய விலை ஆகியவற்றோடு, இரு தரப்பும் ஒத்துக்கொண்ட விலையையும் சேர்த்திருக்கிறது. ஒத்துக்கொண்டார்கள் என்று எப்படிக் காட்டுவது? சேல்ஸ் பையன் ஒரு விசிட்டிங் கார்டின் பின்னால் கிறுக்கிக் கொடுத்த தொகையை வைத்தா? லெட்டர்ஹெட்டில், முத்திரையோடு, வரிவாரியாகப் பிரித்த கொட்டேஷன் வேண்டும். டெலிவரி தேதி அதில் எழுதியிருக்க வேண்டும். தாமதம் அவர்களால் நேர்ந்தால் பழைய விலை என்றும் எழுதச் சொல்லுங்கள். ஒத்துக்கொள்ளாத நிபந்தனையைப் பேனாவால் அடித்துவிட்டு இரண்டு பேரும் பக்கத்தில் சுருக்கொப்பம் இடலாம். "சிஸ்டத்துல முடியாது சார்" என்பார்கள். பேனா சிஸ்டத்தில் இல்லை. புக்கிங் பணம் நிறுவனத்தின் கணக்குக்குப் போகட்டும், தம்பியின் ஜி-பே எண்ணுக்கு வேண்டாம்.

டெலிவரி அன்று திடீரென்று கூடுதல் தொகை கேட்டால், அது நீங்கள் கையெழுத்திட்ட எதில் இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். காட்டினால் கட்டுங்கள், அதுதான் வாக்கு. காட்ட முடியாவிட்டால் மறுங்கள். வண்டியை எடுத்தே ஆக வேண்டிய நெருக்கடி என்றால், ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன் என்று அதே நிமிடம் ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிட்டு, அந்தத் தொகைக்குத் தனி ரசீது வாங்கிக்கொண்டு கட்டுங்கள். ரசீதில் என்ன தலைப்பு போடுவது என்று அவர்கள் திணறுவதிலேயே பாதி உண்மை வெளிவந்துவிடும். படிவம் 21 என்கிற விற்பனைச் சான்றில் வண்டி தயாரான மாதமும் ஆண்டும் இருக்கும், அதையும் பார்த்துவிடுங்கள். 2011 மாடலுக்குப் பணம் வாங்கிக்கொண்டு 2009-இல் தயாரான காரைக் கொடுத்த கோவா டீலர் ஒருவரின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2021-இல் வந்த தீர்ப்பில், டீலர் செய்த தப்புக்கு டீலர்தான் பொறுப்பு, தயாரித்த நிறுவனத்துக்கு அதில் பங்கு இருந்ததாகக் காட்டாமல் அதன்மேல் பொறுப்பு சுமத்த முடியாது என்று ஆகிவிட்டது. "பெரிய கம்பெனி" என்று நாம் நம்பிய அந்தப் பெரிய கம்பெனி, சட்டத்தின் கண்ணில், நமக்குக் கார் விற்கவே இல்லை. விற்றவர் டீலர்.

ஒப்பந்தமே அநியாயம், தன் இஷ்டத்துக்கு ரத்து செய்யலாம், கேன்சல் செய்தால் நஷ்டத்துக்குச் சம்பந்தமில்லாமல் முழு அட்வான்ஸையும் எடுத்துக்கொள்வேன் என்றெல்லாம் எழுதியிருந்தால், அதற்கும் 2019 சட்டத்தில் இடம் இருக்கிறது. அநியாய ஒப்பந்தம் என்று தனியாகவே வரையறை உண்டு. அந்தப் புகாரைக் கேட்பது மாநில ஆணையம். ஒத்துக்கொண்டதற்கு மேல் வாங்கினார்கள் என்கிற சாதாரணப் புகார் மாவட்ட ஆணையத்துக்குப் போகும். ஷோரூம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கிற அல்லது வேலை பார்க்கிற மாவட்டத்திலேயே கொடுக்கலாம். தகராறு எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடம் அவகாசம். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லிப் பாருங்கள்; சில விஷயங்கள் அங்கேயே முடிந்துவிடும்.

ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரை கொடுத்து வாங்கிய காருக்கு மாவட்ட ஆணையத்தில் புகார்க் கட்டணம் 200 ரூபாய். இருபது லட்சம் வரை 400. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நீங்களே நின்று பேசலாம்.